ரேடியேற்றரில் நான் விட்ட தண்ணீர்

என் அன்பு அப்பா,

உங்கள் பச்சைக் கார் இன்னும் பாரிஸுக்கு வெளியே ஸ்தேன் கராஜில்தான் நிற்கிறது. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் எல்லோரும் "வெள்ளைக்காரன்ரை பழைய தகரம்" என்று நக்கலடித்த அதே இரண்டு சீற் இங்கிலாந்துக் கார். அதன் எஞ்சின் வெடித்துவிட்டது, அப்பா. உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி சொன்னீர்கள்: "குழாய் மாத்தினது, ரேடியேற்றர் காலி. பனி கொட்ட முதல், உறையாத கூலன்ற் வாங்கி விடு பிள்ளை." கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எந்தக் காருக்கு என்றாக இருக்கும். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். வன்னியிலிருந்து வந்து இரண்டே வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டதும் பிரெஞ்சு பேசும் இந்தக் கூச்சத்தால்தானே? ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்கும்போது நான் சொல்லும் "ஓம்" முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று பைப் தண்ணீரை விட்டேன். அந்தக் கிழமையே தண்ணீர் உறைந்து எஞ்சினைப் பிளந்தது. காலியாக விட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிராது.

வெடிப்பை நான் கண்ட அன்று பின்னேரம் கேட்டீர்கள்: "விட்டியோ?"

"ஓம் அப்பா."

"என்ரை மெக்கானிக்!" என்று சிரித்தீர்கள். பிறகு நீங்கள் சிரித்து நான் காணவில்லை.

போன சனிக்கிழமை, உங்களோடு வேலை செய்த சிவம் அண்ணை பொனற்றைத் திறந்தார்.

"ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடுவம். வன்னியிலை ட்ரக்டருக்கு விட்டமாதிரிப் பச்சைத்தண்ணி விட்டிருக்கிறார் மனுசன். உன்ரை அப்பற்றை வேலை ஒண்டையும் நம்பேலாது. அவர் வெல்டிங் பண்ணி ஒட்டின எஞ்சின் தாங்கியளையும் வெட்டி எறிவம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தாங்கிகளை நீங்கள் ஒட்டும்போது லைற் பிடித்தவள் நான்.

"நான்தான் விட்டது" என்றேன். சத்தம் வரவில்லை.

"என்ன பிள்ளை?"

"தண்ணி. அப்பா இல்லை. நான்."

சிவம் அண்ணை குனிந்து, நீங்கள் ஒட்டிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை. அதே மாதிரிப் பழைய எஞ்சின் எண்டால் வெட்டத் தேவையில்லை. ஆனா ஒயில் ஒழுகும், இழுவை காணாது. ஜப்பான்காரன்ரை எண்டால் திறப்பைத் திருப்பினவுடனை ஸ்ராட். யோசிச்சுச் சொல்லு."

"அதே எஞ்சின்" என்றேன். யோசிக்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து ஒன்று வரப்போகிறது. உங்கள் தாங்கிகளில்தான் உட்காரும். ஆனால் அப்பா, அன்று நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது? அது நான் உங்களுக்குக் கொடுத்ததா, உங்களிடமிருந்து களவெடுத்ததா?

வருகிற ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். சாப்பிட்டு முடிய, அன்று கராஜில் நிற்காத யாராவது தண்ணீர் விட்ட மெக்கானிக்கின் கதையைத் தொடங்குவார்கள். அம்மாகூட அதை நம்புகிறார். அவர்கள் தொடங்குமுன் நான் எழுந்து நின்று சொல்வேன். குரல் நடுங்கினாலும் கடைசி வரை சொல்வேன், அப்பா.

நீங்கள் நம்பிய மகள்,
சின்னவள்