நீ மூடிய காற்று

என் தங்கமான ஸ்டெல்லாக்கா,

நம் மைசூரு ஆய்வகத்தின் வளர்ப்பறையில் இப்போதும் நகம் தட்டும் சத்தம் கேட்கிறது. டக், டக். ஒவ்வொரு ஜாடியாக நீ தட்டிப் பார்ப்பாயே, அதே சத்தம். திரும்பினால் யாருமில்லை. பயமெல்லாம் இல்லை, போ! நின்றுவிட்டால்தான் பயம்.

நம் கொல்லையில் நின்ற நஞ்சன்கூடு ரசபாளெ வாழை வாடல் நோயில் போய்விட்டது. அதன் குருத்திலிருந்து நீ ஜாடியில் வளர்த்த திசுக்கன்றுகள்தான் மிச்சம். பூஞ்சை புகுந்துவிடுமென்று மூடிமேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்று சுற்றென்று சுற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவேயில்லை.

மாதாமாதம் திறந்து புது ஜாடிக்கு மாற்றவேண்டும், தெரியும். ஆனால் உள்ளே இருப்பது நீ இருந்தபோது மூடிய காற்று. அதை எப்படி வெளியே விடுவேன், சொல்லு? தண்டு ஊதிக் கண்ணாடி மாதிரி ஆனது, இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம், கூட வேலை செய்யும் ரூபா ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "உசிரு இல்லா, அக்கா" என்றாள். அவள் கையிலிருந்து ஜாடியைப் பிடுங்கினேன்.

"செத்துப்போச்சா?"

"அய்யோ, சாவலக்கா! உசிருன்னா மூச்சு! காத்தே போகாம கட்டி வெச்சிருக்கீங்க!"

கன்னடத்தில் உசிரு மூச்சுதான். இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? ஆனாலும் காதில் விழுந்தது நம் வீட்டு உசுரு.

கூடையில் மூடிய பழத்தைப் பழுக்கவைக்குமே எத்திலீன், அந்த வாயுவைக் கன்றுகளே விட்டு, அது வெளியேற வழியில்லாமல் நலிந்து கிடந்தன. வெளிச்சத்தில் உணவாக்கத் தேவையான கரியமில வாயுவும் தீர்ந்துபோயிருந்தது. 'மூச்சு முட்டுது, ஜன்னலத் தெறடி' என்று கடைசியாகக் கேட்டாயே, அது நினைவுக்கு வந்ததும் மூடியே வைத்திருக்க என்னால் முடியவில்லை.

தாளை அறுத்தேன். கிருமி படாமல் ஜாடி திறக்கும் சுத்தக்காற்று மேடையின் விசிறி, ஜாடியிலிருந்த காற்றை என் முகத்தில் அடித்தது. முகமூடிக்குள் ஆழமாக இழுத்தேன். ஸ்பிரிட் நெடி மட்டும்தான். இத்தனை மாதம் எதைக் காவல் காத்தேன்?

கன்றுகள் இப்போது காற்று போய்வரும் சவ்வு ஒட்டிய மூடிகளுக்குக் கீழே இருக்கின்றன. இன்று ஒன்றில் புதுக் குருத்து. நீ இல்லாத காற்றில் அது பச்சைப் பசேலென்று வளர்கிறது, அக்கா. சந்தோஷப்படவேண்டும்தானே? பாழாய்ப்போன அழுகைதான் வருகிறது.

இருந்தாலும் தவறாமல் திறப்பேன். மாதா மேல் சத்தியம்.

உன்னை வெளியே விட்டுவிட்ட தங்கை,
மேரி