மதினி கலக்கிய புரோட்டீன் மோர்

மதினி, இன்று காலை சீரகம் வறுத்தேன். வாசனை எழும்பியதும் அடுப்பை அணைக்க மறந்து நின்றுவிட்டேன். கொஞ்சம் கருகிவிட்டது. பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

மதுரையில் உடம்பு இளைக்க வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, திண்டுக்கல்லில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து இறங்கினேன். புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வெனிலா வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும். நீங்களோ முதல் நாள் சத்துமாவு என்று நினைத்துக் கொதிக்கிற பாலில் கொட்டிவிட்டீர்கள். அது திரிந்து கட்டிகட்டியாக நின்றது. இருவரும் சிரித்தோம். அடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது, எழுந்து நிற்கத் தெம்பில்லை. இப்படியே போனால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று தடுத்த அத்தனை பேர் முகங்களும் கண் முன்னால் வந்து போயின.

நீங்கள் அசரவில்லை. வாசனையில்லாத பவுடர் உண்டா என்று டாக்டரிடமே கேட்டு, அண்ணனை விரட்டி வாங்கிவரச் செய்தீர்கள். இனிப்புதானே ஆகவில்லை, உப்புப் போட்டால் போயிற்று என்றீர்கள். ஆடை நீக்கிய தயிரைக் கடைந்து, பவுடரைக் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் குழைத்து அதில் சேர்த்தீர்கள். வறுத்த சீரகப்பொடி, துளி இஞ்சிச் சாறு, கசக்கிய கறிவேப்பிலை. பிறகு வடிகட்டி, நுரை அடங்கும்வரை என்னைத் தொடவிடவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் நாக்குக்கு உயிர் வந்தது.

ருசி பிடித்தும் நெஞ்சை அடைத்தது. அதையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நான் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மடக்மடக்கென்று காற்றும் சேர்ந்து உள்ளே போனது. உங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துவிட்டு யாரும் தப்பித்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே அண்ணனிடமிருந்து அந்தப் பழக்கத்தை விரட்டியவர் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள் என் எதிரே உட்கார்ந்து, இன்னொரு டம்ளரில் வாய் வைத்து, கொஞ்சங்கொஞ்சமாக உறிஞ்சிக் காட்டினீர்கள்.

"எச்சியாவது ஒண்ணாவது. வாய் வச்சே குடி. செத்த நேரம் ஆனா ஆகட்டும், உசுரு நிக்கணும்ல."

ஒரு சின்ன டம்ளருக்கு அரைமணி நேரம். தினமும் கூடவே உட்கார்ந்து நீங்களும் குடித்தீர்கள். வாந்தி நின்றது. பத்து நாளில் மாடிப்படி ஏறினேன். இப்போது சின்னாளபட்டிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறேன். இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கேட்டால், பக்குவத்தை டீச்சர் மாதிரி அதட்டித்தான் சொல்கிறேன்.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. உங்களை எடுக்கும்வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மதியத்துக்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் வறுத்துப் பொடித்த சீரகம் டப்பாவில் இருந்தது, இந்த மோருக்கு அடுப்பு வேண்டாமே. உங்கள் சமையலறையில் கலக்கி எடுத்துவந்து, உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன். அதுக்குள்ள வயிறு கேட்கிறதாக்கும் என்றார் பெரியம்மா.

"மதினி இருந்தா அவுகளே கலக்கிக் குடுத்திருப்பாக," என்றேன்.

அரைமணி நேரம் ஆனது. அவசரப்படவில்லை. குடித்து முடித்த பிறகுதான் அழுதேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனை வரை நடந்து வந்து வாய்விட்டு அழ எனக்குத் தெம்பு இருந்தது. இன்றும் இருக்கிறது, மதினி.