காணாமல் போகிற கேரட்

மார்ச் 4, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நீயும் அண்ணியும் சுகம்தானே? இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் சரியில்லை.

நேற்று உன் மாப்பிள்ளை எங்களைக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். சினிமாவுக்குக்கூட நான் இழுத்துக்கொண்டு போக வேண்டிய மனுஷன், தானாகவே, "எல்லாரும் கிளம்புங்க, நானும் போனதே இல்லை, பார்த்துட்டு வரலாம்" என்றார். போனதே இல்லையாம்! வாசலில் நின்ற காவல்காரர், "என்னண்ணே, இன்னிக்குக் குடும்பத்தோடயா?" என்று சிரிக்கிறார். டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை நீட்டுகிறார். "அப்பா, இவங்களுக்கெல்லாம் உங்களை எப்படித் தெரியும்?" என்று பெரியவள் கேட்டுவிட்டாள். அவர் ஏதோ மழுப்பினார்.

அப்புறம்தான் கூத்து. வேலியோரம் நின்றோம். ஒரு குதிரை, பிடித்திருந்த ஆளையும் இழுத்துக்கொண்டு நேராக இவரிடம் வந்து சட்டைப்பையில் மூக்கை விட்டது. சின்னவன் கைதட்டினான். நான் அவர் முகத்தையே முறைத்துப் பார்த்தேன்.

"சின்னவன் பேருக்கு ஒண்ணு கட்டுங்களேன்" என்று ஆழம் பார்த்தேன். "சூதாட்டமெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார். என்ன நடிப்பு அண்ணா!

ஏழு மாதமாகச் சமையலறையில் கேரட் காணாமல் போகிறது. எலி என்று நினைத்துப் பொறிகூட வைத்தேன். தினமும் நான் இஸ்திரி போட்டுக் கொடுக்கிற வெள்ளைச் சட்டை சாயங்காலம் கசங்காமல் வருகிறது. குமாஸ்தா சட்டையில் ஒரு சொட்டு மைகூடவா படாது?

நீ லாரியில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு அந்த மைதானத்துக் குதிரை லாயத்துக்குப் போகிறவன். விசாரித்து எழுது. ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டுப் பந்தயம் கட்டுகிறார் என்றால், பிள்ளைகளோடு உன் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

உன் தங்கச்சி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

மூட்டையைக் கட்டாதே தாயே. மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லை. சர்க்கரை இல்லாத டீ ஊரில் பாதிப் பேர் குடிக்கிறார்கள். கேரட்டைப் பற்றி உன் பிள்ளைகளிடம் கேள். அந்த ஒற்றைக்கண் கிழவி எல்லார் பையையும்தான் மோந்து பார்க்கும், தீனி நினைப்பைத் தவிர அதற்கு வேறென்ன? கண்டதையும் யோசிக்காமல் நிம்மதியாக இரு.

உன் அண்ணன்


மார்ச் 13

அண்ணாவுக்கு,

"அன்புள்ள" இன்றைக்குக் கிடையாது. உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நான் "ஒரு குதிரை" என்றுதான் எழுதினேன். அதற்கு ஒரு கண் இல்லை என்று நான் எழுதவில்லை. வயசானது என்றும் எழுதவில்லை. நூறு குதிரை இருக்கிற இடத்தில் எது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் கூட்டு.

அவர் ஆபீஸுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். பயத்தில் வைத்துவிட்டேன். கூடப் பிறந்தவனே மறைத்தால் நான் யாரைத்தான் நம்புவது? உண்மையை எழுது. இல்லையென்றால் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம் இதுதான்.

தங்கச்சி


மார்ச் 17

தங்கச்சிக்கு,

அகப்பட்டுக்கொண்டேன். அந்த ஆபீஸை இழுத்து மூடி ஏழு மாதம் ஆகிறது. லாயத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். உன் வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, காக்கியைப் போட்டுக்கொண்டு குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். கிழவிக்கு அவரென்றால் உயிர். பந்தயம் ஒரு நாளும் கட்டியதில்லை.

"உங்க தங்கச்சிக்கு நான் ஆபீஸ் மாப்பிள்ளை, மச்சான். சாணி அள்றேன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்று அழுதார். என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு உங்களைக் கூட்டிப் போனதே அங்கே வைத்துச் சொல்லத்தான். கிழவி மூக்கை விட்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டதாம். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபம் இன்னும் தீரவில்லை. நேரில் வரும்போது வாங்கிக் கட்டிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று ஒரு அழுகை. ஏழு மாதம் என்னை நம்பாமல் போனாரே என்று இன்னொரு அழுகை.

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. துவைத்த பழைய சட்டை ஒன்றை எடுத்து வைத்தேன். சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் இரண்டு கேரட், நறுக்காமல். அவர் சட்டையைப் பார்த்தார், டப்பாவைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் காலி டப்பாவைக் கொடுத்துவிட்டு, "அவளுக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றார்.

"எவளுக்கு?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

சிரித்தார் அண்ணா. சிரிக்கும்போதே அழுதுவிட்டார். பிறகு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொன்னார்.

வருகிற சனிக்கிழமை பிள்ளைகளோடு மறுபடி போகிறோம். இந்தத் தடவை லாயத்து வாசல் வழியாக.

அன்புத் தங்கச்சி