முப்பத்தைந்து நொடி நிறுத்தம்

மார்ச் 4, செவ்வாய்

'ஷாவ் ஜிங்-யுன், கொள்கை ஆய்வாளர், பகுதிநேரம்' என்று கழுத்தில் அட்டை மாட்டி இன்றோடு ஒரு வாரம். இதுவரை நான் ஆய்வு செய்த ஒரே கொள்கை, இந்த அலுவலகத்தில் யாருடைய தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுதான். பதினொரு பேர். இயக்குநர் லாய்க்கு அரை இனிப்பு, ஐஸ் கூடாது. மெய்-ஷியாங் அக்காவுக்கு இனிப்பே கூடாது, ஆனால் ஜவ்வரிசி உருண்டை இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் அட்டவணையாக்கி வண்ணம் தீட்டி வைத்தேன்.

இயக்குநர் பார்த்துவிட்டு, "போன வருஷம் பூரா இவ்ளோ தெளிவான அட்டவணையை நான் பாக்கல" என்றார். பெருமையாக இருந்தது. வெட்கம்கெட்ட பெருமை.

மார்ச் 6, வியாழன்

எட்டு மணிக்கு வகுப்பு, பத்தரைக்கு அலுவலகம், நடுவில் பேருந்தில் தூக்கம். ஆய்வேட்டில் இந்த மாதம் எழுதியது தலைப்பு மட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

கடைசியில் ஒரு நிஜ வேலை! நகராட்சி எங்கள் ஆய்வு மையத்திடம் கேட்டிருப்பது இதுதான்: நகரத்தில் குப்பை லாரி நிற்கும் இடங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் எவற்றை எடுத்துவிடலாம்? ஒவ்வொரு லாரியும் எங்கே எத்தனை நொடி நின்றது என்ற கணக்கு ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறது. எட்டு லட்சம் வரிகள். கணினி தொங்கிப் போகாமல் இருக்க மெய்-ஷியாங் அக்கா அதன் தலைமேல் பச்சை பாக்கெட் நொறுக்குத்தீனி ஒன்றை வைத்தாள்; இந்த ஊர் அலுவலகங்களில் அப்படி ஒரு நம்பிக்கை. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் எனக்கு ஏழு வருடம் மூத்தவள், புள்ளியியலில் தங்கப் பதக்கம். "பச்சைதான் வைக்கணும். மஞ்சள் வச்சா படுத்துக்கும்" என்றாள். மஞ்சள் வைத்துப் பார்க்க எனக்கும் தைரியம் இல்லை.

இந்த ஊரில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், அவரவர் பையை அவரவரே கொண்டுபோய் அதில் போட வேண்டும். நான் பையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியதே இல்லை. அம்மா வீட்டில் காவலாளி எடுத்துக்கொண்டு போவார். விடுதியில் கீழ்த்தளத்தில் அதற்கென்று அறை இருக்கிறது. சாப்பாட்டு நேரம் என்பதால் அந்தப் பாட்டு கேட்டால் எனக்குப் பசி எடுக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். நாற்பது நொடிக்கும் குறைவாக லாரி நிற்கும் இடங்கள் இருபத்துமூன்று. கூட்டம் இருந்தால் லாரி நின்றுதானே ஆக வேண்டும்? நிற்கவில்லை என்றால் ஆளில்லை. 'செத்த நிறுத்தங்கள்' என்று பெயர் வைத்தேன். இயக்குநருக்குப் பெயர் பிடித்துப்போய், இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜூலை ஒண்ணாந்தேதி ஒரு நிரந்தர இடம் வருது. மே மாசம் ஜனங்களோட நடக்கிற விளக்கக் கூட்டம் நல்லபடியா முடிஞ்சா அது உனக்குத்தான்."

"சார், நான் இன்னும் படிச்சு முடிக்கலையே."

"படிப்பை ஓரத்துல வச்சு முடிச்சுக்கோ."

எங்கள் வகுப்பில் யாருக்கும் இப்படி நடந்ததில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சொல்வதற்குள் மூன்று அத்தைகளிடமிருந்து வாழ்த்து வந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

மழை. (இதை எழுதவே தேவையில்லை. இந்த ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் குறித்து வைக்க வேண்டும்.)

விளக்கக் கூட்டத்தில் திரையில் காட்ட ஒரு படம் வேண்டுமாம். காலி நிறுத்தம், பரிதாபமான பெயர்ப்பலகை, முடிந்தால் ஒரு பூனை. செத்த நிறுத்தங்களில் ஒன்று பதினேழாம் எண். துறைமுகத்துக்கு மேலே மலைச்சந்து, படிக்கட்டு அடிவாரம். சராசரி முப்பத்தைந்து நொடி. லாரி வருவது மாலை ஆறே முக்காலுக்கு. ஆறரைக்கே போய்விட்டேன்.

அங்கே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை இரண்டு வரிசை, எல்லோர் கையிலும் பை. சமைத்த மிச்சத்துக்கு ஒரு வாளி, பச்சைத் தோலுக்கு ஒரு வாளி. கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெண்மணி நடத்திக்கொண்டிருந்தார். மேலே நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர், லியாவ் அத்தை என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் விசில் அடித்தார்.

"ஏய் பொண்ணு! கையில பையும் இல்ல, வாளியும் இல்ல. வரிசைக்கு நடுவுல நின்னு என்ன பண்ற? கல்யாண போட்டோவா எடுக்கிறாங்க?"

"இல்ல அத்தை, நான் ஒரு ஆய்வு..."

"அதை ஓரமா நின்னு பண்ணு!"

லாரி வந்தது. சந்து குறுகல். லாரி நின்றால் பின்னால் பேருந்தும் நிற்க வேண்டும், ஓட்டுநர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். அதனால் இவர்களே ஒரு வழி செய்துகொண்டிருக்கிறார்கள். விசில் ஊதியதும் பைகள் கை மாறிக் கை மாறிப் படியிறங்கின. மேல்படியில் இருந்தவர்கள் இறங்கவே இல்லை, பைகள் மட்டும் இறங்கின. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து நொடி. லாரி போனது, பேருந்து போனது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்படியென்றால் முப்பத்தைந்து நொடிக்கு ஆளில்லை என்று அர்த்தமில்லை. ஊரிலேயே சுறுசுறுப்பான நாற்பது பேரை நான் செத்தவர்கள் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்ததையும் எழுதத்தான் வேண்டும். அங்கேயே நின்றேன். ஆறு ஐம்பத்திரண்டுக்குச் சந்து துடைத்துவிட்டாற்போல் காலி. படம் எடுத்தேன். பூனைகூட வந்தது. அனுப்பிவிட்டேன்.

இயக்குநரிடமிருந்து பதில்: மூன்று கட்டைவிரல்.

ஏப்ரல் 12, சனி

பூனை படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

இரண்டு வாரமாக மாலை வகுப்புகளுக்கு மட்டம் போட்டுவிட்டு நிறுத்தம் நிறுத்தமாகப் போய் நிற்கிறேன். இருபத்துமூன்றில் பதினாறு பார்த்தாயிற்று. ஓரிடத்தில் ஒரே ஆள் தள்ளுவண்டியில் எண்பது வீட்டுப் பைகளைக் கொண்டுவந்து கவிழ்க்கிறார். இன்னோரிடத்தில் மீன் சந்தைக்காரர்கள் வலைபோட்டு மொத்தமாகக் கட்டித் தூக்கி எறிகிறார்கள், இருபது நொடி! உண்மையிலேயே ஆளில்லாதவை இரண்டுதான். அதில் ஒன்று சவ அடக்கக் கூடத்துக்கு எதிரே.

பதினேழை எடுத்துவிட்டால் அந்தச் சந்துக்காரர்கள் அடுத்த நிறுத்தத்துக்கு, சாலையைத் தாண்டிக் கீழே இன்னும் இருநூற்றுப்பத்துப் படி இறங்க வேண்டும். எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஏறும்போது எண்ணவில்லை, மூச்சு இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

முதலில் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"மெதுவா பேசு. தப்புன்னு இங்க சொல்லாத. நான் வந்து ஆறு வருஷமாச்சு, இந்த ஆபீஸ்ல யாரும் தப்பு பண்ணதில்ல. கூடுதல் விளக்கம்தான் குடுத்திருக்கோம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து காட்டினாள். எல்லா அறிக்கையின் கடைசியிலும் 'கூடுதல் விளக்கம்' என்று ஒரு தாள். ஒரு பாலத்தைப் பற்றிய அறிக்கையில், 'ஆற்றின் அகலம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது' என்று போட்டிருந்தது. ஆறு வேண்டுமென்றே அகலமாகிவிட்டது போல.

பிறகு இயக்குநரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"துணை மேயர் நேத்து பத்திரிகைக்காரங்ககிட்ட இருபத்துமூணுன்னு சொல்லிட்டாரு. சொன்ன எண்ணை எப்படித் திரும்ப வாங்குறது? கூட்டம் முடியட்டும், பின்னாடி ஒரு கூடுதல் விளக்கம் சேத்துக்கலாம்."

"அதுக்குள்ள நிறுத்தத்தை எடுத்துருவாங்களே சார்?"

"ஜூலை ஒண்ணாந்தேதிதான் எடுப்பாங்க. நிறைய நாள் இருக்கு."

ஜூலை ஒன்று. எனக்கு நாற்காலி கிடைக்கும் அதே நாளில் அவர்களுக்கு நிறுத்தம் போகிறது.

என்ன பண்றது? வாயை மூடிட்டு இருந்தா வேலை. தொறந்தா தேநீர்ப் பட்டியல்கூடக் கிடைக்காது. அம்மா மூணு அத்தைகிட்ட சொல்லிட்டாளே — இதையெல்லாம் யோசிக்கிறேனே, எனக்கே அசிங்கமா இருக்கு.

மே 16, வெள்ளி

நாளை கூட்டம். படங்களை மாற்றும் பொத்தானை அமுக்குவதுதான் என் வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லை என்று இயக்குநர் இரண்டு முறை சொன்னார்.

மே 17, சனி

மலைச்சந்து மக்கள் மன்றம். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கரோக்கே பெட்டி, காலை பத்து மணி. அறுபது பேருக்கு மேல். முன்வரிசையில் லியாவ் அத்தை, கழுத்தில் விசில். கூட்டத்துக்கு எதற்கு விசில் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இயக்குநர் நன்றாகத்தான் பேசினார். 'செத்த நிறுத்தங்கள்' என்றதும் ஒரு முணுமுணுப்பு. நான் பொத்தானை அமுக்கினேன். திரை முழுக்கக் காலிச் சந்தும் பூனையும்.

விசில் அலறியது.

"இது எங்க சந்து! அது எங்க கடைப் பூனை!" என்று எழுந்துவிட்டார் லியாவ் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு வந்திருந்துச்சே! அன்னிக்கு நடுவுல நின்னு பாத்துட்டுத்தானே போச்சு! ஏம்மா, நாங்க உன் கண்ணுக்குத் தெரியலையா?"

இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "அடுத்த படம்" என்றார். நான் அமுக்கவில்லை. வீரம் எல்லாம் இல்லை, கை வரவில்லை. ஒலிவாங்கியை நான் கேட்டு வாங்கினேனா, பிடுங்கினேனா? நினைவில்லை. அக்கா பிடுங்கினாய் என்கிறாள்.

"லாரி ஆறு நாப்பத்தஞ்சுக்கு வந்துச்சு. நாப்பது பேர் இருந்தீங்க. இந்தப் படத்தை ஆறு ஐம்பத்திரண்டுக்கு எடுத்தேன், நீங்க எல்லாரும் போன பிறகு. வேணும்னேதான் எடுத்தேன். இருபத்துமூணுங்கிற எண் தப்பு. தப்பு பண்ணது நான்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாராட்டெல்லாம் இல்லை, நன்றாகத் திட்டினார்கள். லியாவ் அத்தை மட்டும் திட்டவில்லை. "படிச்ச புள்ள இப்படிப் பண்ணலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குத்தான் அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 19, திங்கள்

யாரும் என்னிடம் தேநீர் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

நாடகம் போல இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் கால் பக்கம்: 'மக்கள் முன் தவறை ஒப்புக்கொண்ட ஆய்வு மையம்'. துணை மேயர் அதைப் படித்துவிட்டு, இருபத்துமூன்றை மறுபரிசீலனை செய்யச் சொன்னதே தான்தான் என்று பேட்டி கொடுத்திருக்கிறார். பேருந்து நிறுத்தங்கள் பற்றிய அடுத்த ஆய்வும் எங்களுக்கேயாம்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல விஷயந்தான் ஜிங்-யுன். ஆனா இனிமே தப்பு இருந்தா முன்கூட்டியே சொல்லு. திட்டம் போட்டு ஒத்துக்கலாம்."

நான் முன்கூட்டியேதான் சொன்னேன் என்பது அவருக்கு நினைவில்லை. நிஜமாகவே நினைவில்லை, அதுதான் அழகு. இடம் எனக்கே என்றார். திருத்திய அறிக்கையையும் நானே எழுத வேண்டுமாம், பின்னாலே ஒரு கூடுதல் விளக்கத்தோடு.

"எழுதுறேன் சார். ஆனா பின்னாடி இல்ல, முன்னாடி. கூடுதல் விளக்கம்னு இல்ல, தப்புன்னு."

"அந்த வார்த்தையை நாம அச்சுல போட்டதே இல்லையேம்மா. எங்க போடுறது, எந்த எழுத்துல போடுறது?"

"ரெண்டாம் பக்கம். மத்ததெல்லாம் போடுற அதே எழுத்துல."

அப்படிப் போட முடியாது என்றால் எனக்கு அந்த இடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிப்பறையில் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. பார்க்காமல் விட்ட ஏழையும் போய்ப் பார்த்தாயிற்று; எடுக்கப்போவது அந்த இரண்டு நிறுத்தம் மட்டும். பதினேழு இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். "உன் பேரு எங்க?" என்றாள். இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். 'முதல் அறிக்கையில் தவறு இருந்தது. ஆளில்லை என்று காட்டிய படம், மக்கள் கலைந்த பின் எடுக்கப்பட்டது. இரண்டையும் செய்தவர் ஷாவ் ஜிங்-யுன்.' கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள்.

"அத்தைங்ககிட்ட இதை எப்படிடீ காட்டுறது?"

"காட்டாத."

அம்மா பழத்தை நறுக்கி என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 1, செவ்வாய்

நிரந்தரமாக முதல் நாள். ஆய்வேடு இன்னும் பாதி, நான் போனை எடுப்பதில்லை என்று பேராசிரியர் புகார்.

பேருந்து நிறுத்தக் கணக்கு காலையிலேயே கணினிக்கு வந்துவிட்டது. பதினான்கு லட்சம் வரிகளாம். இயக்குநர் எத்தனை நிறுத்தத்தை எடுக்கலாம் என்று மதியத்துக்குள் ஓர் எண் கேட்டார். கோப்பைத் திறக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், யாருமே ஏறுவதில்லை என்று சொல்லப்படும் ஒரு நிறுத்தத்தில் நின்றேன். ஐம்பது நிமிடம். ஒருவரும் வரவில்லை. இன்னொரு பேருந்து வரும்வரை நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.