பைக்குள் இருக்கும் முகம்

வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் துணிப்பை. பைக்குள் நீ வரைந்த திருஷ்டி பொம்மை. வெயிலில் சூடாகி எனாமல் பெயின்ட் வாடை கிளம்புகிறது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இன்னா தம்பி, பெயின்டா?" என்றார். "முகம்ங்க" என்றேன். அவர் பையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

இந்த வாடை வந்தால் நீ வந்துவிடுகிறாய். ஓவியக் கல்லூரி ஹாஸ்டலில் நம் அறை முழுக்க இதே வாடைதான். மலையிலிருந்து நீ, கள்ளக்குறிச்சியிலிருந்து நான். முதல் வாரமே ஒரு கலர் ட்யூபைத் தூக்கி என்மேல் எறிந்தாய். "தோல் நிறம்னு எழுதி ரோஸ் கலரு குடுத்துகினு இருக்கானுங்க. யாரு தோலுடா இது?" உன் முகத்தை வரையும்போது நீலத்தையும் செம்மண் நிறத்தையும் குழைத்துத்தான் உன் கறுப்பைக் கொண்டுவருவாய். கடையில் விற்கும் கறுப்பைத் தொடவே மாட்டாய்.

க்யூபிசம் வகுப்பு நினைவிருக்கிறது. திரையில் ஒரு பெண்ணின் முகம். மூக்கு பக்கவாட்டில், கண் நேராக, கன்னம் பச்சை. ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பிய ஓவியர்களுக்கு முகத்தை இப்படி உடைக்கத் துணிச்சல் வந்தது என்று ஆசிரியர் சொன்னார். நீ எழுந்தாய்.

"சார், வரைஞ்சவரு பேரு சொன்னீங்க. முகமூடி செஞ்சவரு பேரு இன்னாங்க சார்?"

யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். நீ உட்கார்ந்து என் காதில், "அப்ப மூஞ்சி ஒருத்தனுது, பேரு இன்னொருத்தனுது" என்றாய்.

அந்த லீவில்தான் திருஷ்டி பொம்மை யோசனை. புதிதாகக் கட்டும் வீடுகளில் தொங்கவிடுவார்களே, முழிக்கிற கண்ணும் தொங்குகிற நாக்குமாக, அதைப் பலகையில் வரைந்து விற்கலாம் என்றாய். நான் வழக்கம்போல வரைந்தேன், விற்றுப்போனது. நீ வரைந்ததில் ஒரு கண் நேராகப் பார்த்தது, இன்னொன்று பக்கவாட்டில். மூக்கு நடுவில் மடிந்திருந்தது. பாதி முகம் உன் கறுப்பு, பாதி என் மாநிறம். வடக்கனந்தலில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்த பாத்தா பயமாவே இல்லியேப்பா. பாவமா கீது."

திருப்பிக் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் நீ சிரித்தாய். "நேரா பாக்கற கண்ணு என்னுது. சைடுல பாக்கறது உன்னுது. நீதான் எங்க உக்காந்தாலும் வாசப்படியவே பாத்துகினு இருப்ப." பொம்மையை என்னிடமே கொடுத்தாய்.

நீ சொன்னது சரிதான். இரண்டாம் வருடம் நான் காலேஜை விட்டேன். அலுத்துவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் நீயும் விட்டாய். உனக்கு அலுக்கவில்லை, வீட்டில் முடியவில்லை. நான் பிளெக்ஸ் கடைக்குப் போனேன். நீ சென்னைக்குப் போய் அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தாய். சாரம் சரிந்து விழுந்தாய். உன் உடலை வாங்கப் போனபோது அந்தக் கட்டடத்தையும் பார்த்தேன். அங்கேயும் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. நல்ல கோபமான முகம்.

ஆம்புலன்ஸில் உன்னோடு நான் வந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் கடை ஓனர் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து மலைக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனசோடுதான். உன் ஐடி கார்டு போட்டோ. எல்லா முகத்துக்கும் செய்வதுபோல உன்னையும் வெளுப்பாக்கியிருந்தார். உதட்டில் லேசாகச் சிவப்பு வேறு. உன் அம்மா அதன் முன்னால் நின்று கேட்டார்:

"யாரு தம்பி இந்தப் புள்ள? இவனும் செத்துட்டானா?"

ஓனரிடம் சண்டை போட்டேன். "கருப்பா வுட்டா பிரிண்ட்ல கண்ணு மூக்கே தெரியாதுடா" என்றார். "பெத்தவங்களுக்கே தெரியலண்ணே" என்றேன். பழைய போட்டோவைத் தேடினால் அதையும் ஸ்டுடியோக்காரர் முன்பே வெளுப்பாக்கியிருந்தார். என் போனில் நீ கையால் முகத்தை மறைத்துக்கொண்ட படங்கள்தான். அம்மாவிடம் உன் முகம் என்று எதுவுமே இல்லை.

மழைக்காலத்தில் மலைக்குப் போனேன். பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது. முகம் உள்பக்கம். ஆடுகளுக்கு மேலே யாரோ ஒரு சிவந்த பையன் சிரித்துக்கொண்டிருந்தான். தண்ணி இறங்கவில்லை, நல்ல துணி என்றார் அம்மா.

கொடுத்துவிடலாம் என்றுதான் பொம்மையைக் கொண்டுபோயிருந்தேன். அம்மா மடியில் வைத்து, கறுப்புப் பாதியில் விரலை ஓட்டினார். நெற்றி, புருவம். கண்ணில் விரல் நின்றுவிட்டது. "இவன்தான்" என்றார். அப்புறம் மூக்கைத் தாண்டி விரலை வைத்தார்.

"இந்தாண்ட யாரு?"

"நான்தாம்மா."

என்னைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பைக்குள் போட்டு என்னிடமே நீட்டினார்.

"அப்ப நீயே வெச்சிக்க. பாதிய அறுத்தா குடுப்ப? வர்றப்ப எடுத்துகினு வா. பாத்துட்டு குடுத்துடறேன்."

அதனால்தான் இந்தப் பஸ். காலேஜை விட்டேன், போன மாதம் பிளெக்ஸ் கடையையும் விட்டேன். இதை மட்டும் விட முடியவில்லை. வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் பலகை முட்டியில் இடிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் கண் வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே போவதற்காக அல்ல, நீ வருகிறாயா என்று.