ஆடிக்கு வந்தவள்

சிர்வா
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

மைத்துனன் தேஜப்பனுக்கு உன் அத்தான் மோனப்பன் எழுதுவது. பம்பாயில் நீயும் உன் வீட்டாரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கும் சுகம் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அக்காள் குலாபி சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது புரிகிறது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் நடுவில் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "காய் இருக்கான்னு பாத்தேன்" என்பாள். காயெல்லாம் பறித்து ஊறுகாய் போட்ட பிறகு என்ன காய்? பீடி சுற்றுகிற முறத்தை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பூவக்கா, "அறுபது தாண்டினா எல்லாருக்கும் இளைக்கும்டி, நீ மட்டும் என்ன குமரியா?" என்று சிரித்தாள். நானும் வாய்வுதான் என்று சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். என்னைப்போல ஒரு வைத்தியன் இருந்தால் ஊர் உருப்படும்.

பிறகு அவளால் படுக்க முடியாமல் போயிற்று. தலை பாயில் பட்டால் போதும், மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சுவரில் சாய்ந்தபடியேதான் தூக்கம். "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க. பெரிய கனமில்ல, கைக்குழந்தை கனம்தான்" என்றாள். தொட்டிலிலேயே காய்ச்சலில் போன எங்கள் பவானியைத் தவிர இந்த வீட்டில் வேறு குழந்தை ஏது?

குறி சொல்பவரிடம் போனோம். சோழியைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதே, தெரியலையா உங்களுக்கு?" என்றார். நம் ஊரில் செத்த பிள்ளைக்கும் வயது ஏறும், ஏறினால் கல்யாணம் கேட்கும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டாம். குலாபியின் முகம் அன்று மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "என் பொண்ணு வளந்துட்டா" என்று வழியில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி.

எதற்கும் இருக்கட்டும் என்று உடுப்பிக்கும் அழைத்துப் போனேன். டாக்டர் அவள் காலை விரலால் அழுத்தினார். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. "இதயம் களைச்சுப் போச்சு பெரியவரே. தண்ணி நுரையீரல்ல தேங்குது, படுத்தா அதான் அடைக்குது. வயசாச்சுன்னு இத்தனை நாளா வீட்டுலயே வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே குலாபி கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். ஐயோ, அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம்! விடிந்து பார்த்தால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "அவ வரல" என்றாள். அதோடு மாத்திரை நின்றது. எனக்குத் தெரியாமல் எடுத்து அடுப்பில் போட்டிருக்கிறாள்.

ஆடி பிறந்ததும் கல்யாணம் நடந்தது; இருப்பவர்களுக்கு ஆகாத மாதம்தானே போனவர்களின் கல்யாணத்துக்கு. உனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. கட்டபாடியில் சிறு வயதில் போன ஒரு பையன், பெயர் ஜயந்தன், நல்ல குடும்பம். ஒரு நாற்காலியில் நம் பெண்ணின் புடவை, இன்னொன்றில் மாப்பிள்ளையின் வேட்டி. குலாபியால் நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே புடவைக்கு வளையல் வைத்தாள். மாப்பிள்ளையின் தாய், "எங்க பையன் கூச்சக்காரன், உங்க பொண்ணை அதட்டாம பேசச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோழிக் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மருமகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அப்பாடா, தீர்ந்தது, இனி மாத்திரையைச் சாப்பிட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

தீரவில்லை தேஜப்பா. மறுநாளே மறுபடி நெஞ்சில் கனம். "கல்யாணம்தான் பண்ணி அனுப்பிட்டோமே" என்று கத்தினேன். அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "ஆடியில புதுப்பொண்ணு புருஷன் வீட்டுலயா இருப்பா? தாய்வீட்டுக்கு வந்திருக்கா. ஆடி முடியட்டும், அவ போனதும் மாத்திரை சாப்பிடறேன்" என்றாள். வழக்கம் அப்படித்தானே.

டாக்டரிடம் ஓடினேன். ஆடி முடியும்வரை அந்த இதயம் காத்திருக்காது என்று சொல்லிவிட்டார். இப்போது முட்டிவரை வீக்கம். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருக்கிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு தேடுகிறாள். பலவந்தமாக வாயில் மாத்திரை போட்டேன், என் கையைக் கடித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. நேற்று மத்தியானம் அவள் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, பால் கேட்டுச் சிணுங்குவதுபோல. அது தண்ணீரின் சத்தம் என்று எனக்குத் தெரியும், டாக்டரே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்க மனம் வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது தேஜப்பா, நானும் ஆடி முடியட்டும் என்று சொல்லிவிடுவேனோ என்று.

அதனால் உடனே புறப்பட்டு வா. லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. கட்டபாடிக்காரர்கள் மருமகளை முன்னதாகவே அனுப்பச் சொல்கிறார்கள் என்று உன் அக்காளிடம் சொல். "மாமன் வந்து கூப்பிட்டா அவ போய்த்தானே ஆகணும்" என்று குலாபியே ஒரு நாள் சொன்னாள். நீ அழைத்துப் போன கையோடு இவளை நான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவேன். வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கவனமாக இரு. வாசலில் எல்லோரிடமும் சொல்வதுபோல் பவானியிடம் "போயிட்டு வா" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. "போ" என்றுதான் சொல்ல வேண்டும். நான் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு எழவில்லை. அன்றைக்கு அவளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவன் நீ. இன்றைக்கும் உன்னைத்தான் கேட்கிறேன்.

நம் தெய்வங்கள் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். இங்கே மழை விடவே இல்லை. குடை கொண்டு வா. குழந்தை நனையாமல் கூட்டிக்கொண்டு போ.

உன் அத்தான்
மோனப்பன்