கேமராக் கண்ணாடியில் ஒரு தூசி

நவ. 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாடி அறை முழுக்க ஈரவாடை.

பாக்கி டிசைன் வேலை: பிரியாணிக் கடை மெனு. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ், மூன்றாவது திருத்தம் (எச்.எம். அம்மாவுக்கு ஊதா பிடிக்காதாம். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?).

மாலை சம்பத் சார் போன். எங்கள் சிட்லபாக்கம் காலனி சங்கத்தின் செயலாளர். ரிட்டயர் ஆன பிறகு நாள் முழுக்க அவருக்கு இதுதான் வேலை. ஒரு சிசிடிவி கிளிப் அனுப்பியிருந்தார். விடியற்காலை, நாலாவது தெரு. தோளில் மூட்டையோடு ஒரு ஆள் ஒரு கேட் முன்னால் நிற்கிறான். பிறகு போய்விடுகிறான். அவ்வளவுதான். அதற்குள் காலனி குரூப்பில் அவன் பிள்ளை பிடிக்கிறவன் ஆகிவிட்டான்.

"பிரிசில்லா, ஒரு எச்சரிக்கை போஸ்டர் பண்ணிக் குடும்மா. மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும். பாத்தாலே ஜனங்களுக்கு பகீர்னு இருக்கணும்."

குரூப்பில் இன்று:
"மாட்டினா ரெண்டு கையையும் ஒடிக்கணும்."
"போலீஸ்லாம் வேஸ்ட். நாமளே பாத்துக்கலாம்."
ஒருவர் வெறும் அரிவாள் படம். இவர் ஞாயிறுதோறும் சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர்.

நவ. 5, புதன்

போஸ்டர் முடிந்தது. மதியத்துக்குள் அனுப்பியாகிவிட்டது.

கிளிப்பில் முகம் என்று ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கறை. படத்தைத் தெளிவாக்கும் சாஃப்ட்வேரில் போட்டேன். இல்லாததை அது தானே ஊகித்து நிரப்பும். கண் கொடுத்தது, மூக்கு கொடுத்தது, அடர்ந்த மீசை கொடுத்தது. இடது கன்னத்தில் ஒரு மச்சமும் கொடுத்தது. மச்சம் எங்கிருந்து வந்தது என்று கிளிப்பை ஓட்டிப் பார்த்தேன். கேமராக் கண்ணாடியில் தூசி. ஆள் நகர்ந்த பிறகும் அது அதே இடத்தில் இருந்தது. ஒரு கிளிக்கில் அழித்திருக்கலாம். விட்டுவிட்டேன். மச்சம் இருந்தால்தான் நிஜ ஆள் மாதிரி இருந்தது.

பின்னணி கறுப்பு. தலைப்பு சிவப்பில், தடித்த எழுத்து, கொஞ்சம் சாய்த்து. கண்ணுக்கு அடியில் நிழல் நானே ஏற்றினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே அவனைப் பளார் என்று அறைய வேண்டும் போலிருந்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

டேனி சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னான்: "எங்க ஃபேக்டரி குரூப்ல கூட உன் போஸ்டர்தான் ஓடுது. யாரு பண்ணது, செமயா கீதேங்கிறானுங்க. என் பொண்டாட்டிதான்னு சொன்னேன்."

சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு?

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. உதடு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்.

காலையில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். வாங்கித் திரும்பும்போது ஏரிக்கரைப் பக்கம் கூச்சல். கோயில் விசேஷம் ஏதோ என்று நினைத்துப் போனேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வேலியோடு சேர்த்து ஒரு ஆளைப் பிடித்திருந்தார்கள். பைக் கீழே. பை கிழிந்து தண்ணீர் ஃபில்டர் குழாய்கள், வெள்ளை வெள்ளையாகச் சேற்றில். சட்டை இல்லை. வாயிலிருந்து ரத்தம் கொழகொழவென்று.

"சார், ஃபில்டர் சர்வீஸ் சார்... ஐடி கார்டு பாக்கெட்ல கீது சார்..."

ஒரு பையன் செல்லை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். திரையில் என் போஸ்டர்.

"மச்சான், மீசை அதே! மச்சம் கீது பாரு, அதே கன்னம்!"

இருந்தது. இடது கன்னத்தில், நிஜமான மச்சம்.

ஹெல்மெட்டால் அடித்தார்கள். அடித்தது முன் பெஞ்ச்காரர். இரண்டாவது அடியில் ஏதோ உடைந்த சத்தம். நைட்டி போட்ட ஒரு அம்மா செருப்பால். யாரோ வேலிக் கம்பியைப் பிடுங்கி முகத்தில். அவன் கையைத் தூக்கினான், கையை மிதித்தார்கள். சம்பத் சார் கொஞ்சம் தள்ளி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். "அது தூசி! கேமராக் கண்ணாடியில இருந்த தூசி! மச்சமே கிடையாது!"

"இன்னாக்கா உளர்ற? தள்ளு."

உள்ளே புகுந்தேன். யார் முழங்கை என்று தெரியாது, உதடு கிழிந்தது. நானும் ஒருவன் கையைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை கடித்தேன். விடவில்லை. அப்புறம் போலீஸ் வேன்.

கறிவேப்பிலை கையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன். திரும்பக் குளித்தேன்.

நவ. 8, சனி

அந்த ஆள் பெயர் முருகேசன். வண்டலூர் பக்கம் வீடு. குரோம்பேட்டை ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறார்கள். வலது கண் போய்விட்டது.

சம்பத் சார் போன்: "நாலு பேரத் தூக்கிட்டாங்கம்மா. நீ அந்த ஃபைலை அழிச்சிடு. போஸ்டர்ல உன் பேரு எங்கயும் இல்ல. வாயத் தொறக்காத, உனக்கும் நல்லது, காலனிக்கும் நல்லது."

"நீங்கதானே சார் பகீர்னு இருக்கணும்னீங்க?"

"பகீர்னு இருக்கணும்னேன். அவ்ளோ பகீர்னு இருக்கணும்னா சொன்னேன்?"

போன் வழியாகக் கையை விட்டு அந்த மனிதர் தொண்டையைப் பிடிக்க முடிந்திருந்தால் பிடித்திருப்பேன். அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எரிகிறது. நிழல் ஏற்றச் சொன்னது அவர் இல்லை.

டேனியும் அழித்துவிடு என்கிறான். "நீ ஆர்டர் வந்தத பண்ண. கத்தி செஞ்சவனையா உள்ள வைப்பாங்க?"

சாயங்காலம் உட்கார்ந்து இன்னொன்று செய்தேன். அதே முகம், தலைக்கு மேலே 'பொய்' என்று பெரிதாக. கீழே: இந்த முகம் கம்ப்யூட்டர் செய்தது, இப்படி ஒரு ஆள் இல்லை, யாரையும் தொடாதீர்கள். எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். டேனி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

நவ. 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. எனக்கு முன் பெஞ்ச் இன்று காலியாக இருக்கும், தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர்.

பொய் போஸ்டரை ஒரு அக்கா மட்டும் பகிர்ந்தார். மதியம் வேறொரு குரூப்பில், பெருங்களத்தூர் ஆட்கள் போல, 'பொய்' தெரியாமல் வெட்டி முகத்தை மட்டும் எடுத்து: "சிட்லபாக்கத்துல தப்பிச்சவன் இவன்தான், உஷார்."

கீபோர்டைச் சுவரில் அடித்தேன். எழுத்துகள் அறை முழுக்கச் சிதறின. போதவில்லை, ஸ்கிரீனையும் அடித்தேன். முட்டாளே, மறுபடியும் முகத்தை ஏன் வைத்தாய்? கொட்டை எழுத்தில் வெறும் வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? முகம் இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். தொழில் புத்தி.

இன்னொருவன் எங்கேயாவது அடிபடப் போகிறான்.

நவ. 10, திங்கள்

வெயில். முதலில் ஸ்டேஷன். கிளிப், ஃபைல், சம்பத் சாரின் மெசேஜ், எல்லாம் பென் டிரைவில் கொடுத்தேன். எஸ்.ஐ. என் உதட்டைப் பார்த்தார். "நீங்க அடிக்கலையேம்மா?" இல்லை என்றேன். "அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க. கூப்பிட்டா வாங்க." கொடுத்துவிட்டு வந்தேன். பாரம் கொஞ்சமும் இறங்கவில்லை.

அங்கிருந்து ஜி.எச். ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். தலை முழுக்கக் கட்டு. விரல்கள் வீங்கி ஊதா. மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னை நர்ஸ் என்று நினைத்து எழுந்தாள்.

"அந்தப் படத்தைப் பண்ணது நான்தாங்க."

புரியவில்லை அவளுக்கு. செல்லில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். படத்தை, கட்டிலை, திரும்பப் படத்தை.

"எங்க வூட்டுக்காரர நீ எங்க பாத்த?"

"பார்த்ததே இல்லைங்க."

"பாக்காம எப்டி மூஞ்சி வெச்ச?"

கம்ப்யூட்டர், தூசி என்று ஏதோ சொன்னேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. டீ டம்ளர் என் நெற்றியில் வந்து விழுந்தது. சூடு. பிறகு அறைந்தாள், ஒன்று, இன்னொன்று. உதடு மறுபடி பிளந்தது. தடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தாள்.

"பாத்ததே இல்லியா? இப்ப பாரு. நல்லாப் பாரு."

அவர் "வேணாம் வள்ளி" என்றார். நர்ஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் வள்ளி அவருடைய வலது கண் கட்டை மேலே தூக்கிவிட்டாள்.

பார்த்தேன்.